"அண்ணை, சொக் போட்டுது": மவுண்டன் சைக்கிள் சொக்கை உங்கள் எடைக்குச் சரிசெய்வது

ஞாயிறு காலையில் எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு வரும் சைக்கிள்களில் பாதி ஒரே வசனத்தோடுதான் வரும்: "அண்ணை, சொக் போட்டுது." விசாரித்தால் சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் மாமா கொண்டெயினரில் அனுப்பிய சைக்கிள், இல்லையென்றால் கொழும்பில் வாங்கிய பாவித்த சைக்கிள். பெரும்பாலும் சொக், அதாவது அதிர்வைத் தாங்கும் பகுதி, போகவில்லை. உள்ளே இருப்பது மாமாவின் எடைக்கு அடித்த காற்று, அவ்வளவுதான். 90 கிலோ ஆளுக்குப் பூட்டியதில் 55 கிலோத் தம்பி ஏறினால் அது கல்லாகத்தான் கிடக்கும்.

உங்கள் சைக்கிளில் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இதைச் செய்யாமல் குமிழ்களைத் திருகித் திருகிக் குழம்பிய பிறகுதான் பலர் என்னிடம் வருகிறார்கள்.

எந்த அறிகுறிக்கும் முதலில்: ரயர், எடை, இறக்கம்

ரயரில் தொடங்குங்கள். சந்திக் கடையில் காற்றடிக்கக் கொடுத்தால் சாதாரண லுமாலாச் சைக்கிளுக்கு அடிப்பதுபோல் இறுக்கி அடித்துத் தருவார்கள். அதில் அவர்கள் பிழை இல்லை. ஒரு மூட்டை நெல்லைக் கரியரில் ஏற்றுபவருக்கு அதுதான் சரி. 2.2 அங்குல ரயர், உள்ளே ரியூப், 65 முதல் 70 கிலோ ஆள் என்றால் முன்னுக்கு 26 முதல் 28, பின்னுக்கு 28 முதல் 32 பி.எஸ்.ஐ. போதும். இதைவிட நன்றாகக் குறைத்தால் கல்லில் ரிம் இடித்து ரியூப் வெட்டும். "சொக் இறுக்கம்" என்று வந்த எத்தனையோ முறைப்பாடுகள் ரயர் வால்வை ஒரு முறை அழுத்தியதோடு முடிந்திருக்கின்றன.

அடுத்தது எடை. உங்கள் உடம்பின் எடை மட்டும் போதாது. சப்பாத்து, முதுகுப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றோடும் நிறுக்க வேண்டும். வீட்டில் தராசு இல்லாவிட்டால் நெல் நிறுக்கும் தராசு போதும். நான் அதில்தான் ஏறுவேன்.

பிறகு போர்க்கைப் பாருங்கள்; முன் சில்லைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள், முன் சொக் அதற்குள்தான். உங்களிடம் இருப்பது காற்று போர்க்கா ஸ்பிரிங் போர்க்கா? போர்க்கின் இடது காலின் உச்சியில் உள்ள மூடியைக் கழற்றினால் மோட்டார் சைக்கிள் ரியூபில் இருப்பதுபோன்ற வால்வு தெரிந்தால் அது காற்று. கூட்டல், கழித்தல் குறி போட்ட குமிழ் இருந்தால் ஸ்பிரிங்.

இனி இறக்கம். நீங்கள் ஏறி நிற்கும்போது போர்க் தன் பயணத்தில், அதாவது அது முழுக்க அழுந்தக்கூடிய தூரத்தில், எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் கடைக்காரர்கள் 'சாக்' என்கிறார்கள். போர்க்கின் மேல் குழாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மெல்லிய கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். அளந்து முடிந்ததும் வெட்டி எறிந்துவிடுங்கள். லொக் அவுட்டை, அதாவது சொக்கை அசையாமல் பூட்டும் குமிழை, திறந்து விடுங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, மெதுவாக ஏறி, இரண்டு பெடலிலும் நின்று ஓடும் நிலைக்கு வாருங்கள். இரண்டு மூன்று முறை உடம்பால் அழுத்தி விட்டு அசையாமல் நில்லுங்கள். பிடித்திருப்பவர் வளையத்தைச் சீல்வரை (மேல் குழாய் கீழ் உறைக்குள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர்) தள்ளிவிடட்டும். குதிக்காமல் இறங்கி, சீலிலிருந்து வளையம்வரை அடிமட்டத்தால் அளவுங்கள்.

100 மி.மீ. போர்க்கில் 15 முதல் 20 மி.மீ., 120 மி.மீ. போர்க்கில் 24 முதல் 30 மி.மீ. இறங்கினால் சரி. பின் சொக் உள்ளவர்கள் சில்லின் பயணத்தை எடுக்கக்கூடாது. சொக் தண்டின் நீளத்தில்தான் கணக்கு. 50 மி.மீ. தண்டு என்றால் 12 முதல் 15 மி.மீ. பின் சொக்கை மட்டும் சீற்றில் இருந்தபடி அளக்கிறவர்களும் உண்டு. எப்படி அளந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி அளவுங்கள்.

உங்கள் போர்க்கின் பயணம் எத்தனை மி.மீ. என்று தெரியவில்லையா? காற்று போர்க்காக இருந்தால் காற்றை முழுக்க விட்டுக் கடைசிவரை அழுத்துங்கள். வளையம் எவ்வளவு ஏறியதோ அதுதான் பயணம்.

போர்க்கின் காலில் எடைக்கு எவ்வளவு காற்று என்ற ஸ்டிக்கர் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அது உரிந்து போயிருந்தால் கிலோவுக்கு 1 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, அளந்து பார்த்து, ஐந்து ஐந்தாகக் கூட்டிக் குறைக்கலாம். பின் சொக்குக்குக் கிலோவை 2.2ஆல் பெருக்கிய எண்ணில் தொடங்குங்கள். இவை தொடக்கப் புள்ளிகள்தான். இறக்க அளவு வேறு சொன்னால் அதையே நம்புங்கள். சொக்கில் பொறித்த உச்ச அளவை மட்டும் தாண்டவேண்டாம். காற்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் பத்துத் தடவை ஆழமாக அழுத்திவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

இந்த வேலைக்குச் சொக் பம்ப் வேண்டும். ரயர் பம்பும் பஞ்சர் கடைக் கொம்பிரசரும் கூடவே கூடாது. கொம்பிரசரில் ஒரு நொடியில் எவ்வளவு போனது என்றே தெரியாது. என் முதல் போர்க்கின் சீல் அப்படித்தான் போனது. குழாயைப் பிடித்திருந்தது நானேதான்.

அறிகுறி 1: கல்லுப்போல் கிடக்கிறது, கை விறைக்கிறது

*லொக் அவுட் பூட்டியிருக்கிறதா?* சிரிக்காதீர்கள். வலது காலின் மேலிருக்கும் குமிழ், பல போர்க்குகளில் நீல நிறம். அதை மறுபக்கம் திருப்பி அழுத்திப் பாருங்கள். பூட்டிய போர்க்கோடு மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான்வரை மிதித்து வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

*இறக்கம் முழுப் பயணத்தில் 15 சதவீதத்துக்குக் குறைவா?* அப்படியென்றால் காற்று அதிகம். முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருவர், பையோடு 58 கிலோ. போர்க்கில் 110 பி.எஸ்.ஐ. இருந்தது. குறைத்துக்கொண்டே வந்து 60இல் நிறுத்தினோம். "மாமா அனுப்பினதை மாத்தினா அவருக்குக் கோவம் வருமோ?" என்று கேட்டார். மாமா வந்து ஓடும்போது திருப்பி அடித்துக்கொள்ளலாம் என்றேன்.

*இறக்கம் சரி, ஆனால் கடைசி மூன்றிலொரு பங்கு பயணம் எப்போதும் மிச்சமா?* ஓடி முடித்ததும் வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அன்றைய மிகப் பெரிய அடியில் ஒரு தடவை கிட்டத்தட்ட முழுக்கப் போனால் போதும்; ஒவ்வொரு பள்ளத்திலும் போகத் தேவையில்லை. ஒருநாளும் போகவில்லை என்றால் கம்ப்ரெஷன் குமிழ் (சொக் இறங்கும் வேகத்தை அடக்குவது) இருந்தால் முழுக்கத் திறவுங்கள். அதற்கும் அசையாவிட்டால் காற்றறைக்குள் பிளாஸ்டிக் துண்டுகள், அதாவது டோக்கன்கள், இருக்கலாம்; ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேல் மூடியைத் திறக்கும் முன் காற்றை முழுக்க விட்டுவிட வேண்டும். இதை மறந்தால் மூடி முகத்துக்கு வரும்.

*சின்ன அடிகளை விழுங்குவதில்லை, பெரியதில் திடீரென இறங்குகிறதா?* கோடைப் புழுதி சீலில் ஒட்டிப் பிடிக்கிறது. ஈரத் துணியால் குழாயைத் துடையுங்கள். சைக்கிளைப் பத்து நிமிடம் தலைகீழாக நிறுத்துங்கள். உள்ளே அடியில் கிடக்கும் எண்ணெய் சீலுக்குக் கீழே உள்ள பஞ்சு வளையத்தை நனைக்கும். ஹைட்ரோலிக் பிறேக் என்றால் நிமிர்த்திய பின் லீவரைச் சில தடவை அழுத்தி இறுக்கம் வந்ததா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள். பிசுபிசுப்பு எண்ணெய் ஸ்பிரேயைச் சீலில் அடிக்கவே வேண்டாம். அன்றைக்கு வழுக்கும், பிறகு புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

*ஸ்பிரிங் போர்க்கா?* மேல் குமிழைக் கழித்தல் பக்கம் முழுக்கத் திருகுங்கள். அது ஸ்பிரிங்கின் தொடக்க இறுக்கத்தைக் கொஞ்சம் மாற்றுமே தவிர ஸ்பிரிங்கை மெலிதாக்காது. இன்னும் இறங்காவிட்டால் அந்த ஸ்பிரிங் உங்களைவிடப் பாரமான ஆளுக்கு உரியது. அந்த மொடலுக்கு மெலிந்த ஸ்பிரிங் விற்றால் மாற்றலாம்; மலிவான போர்க்குகளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு மாரி முழுக்க முற்றத்தில் நனைந்து குழாயில் துரு ஏறிய ஸ்பிரிங் போர்க்குக்குக் காசு செலவழிக்க நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். சொக் இல்லாத சாதாரண போர்க்கைப் போட்டு, நல்ல அகலமான ரயர் ஒன்று வாங்குங்கள்.

*எப்போது கொடுக்க வேண்டும்:* துடைத்தும், தலைகீழாக வைத்தும், காற்றைச் சரிசெய்தும் பிடித்துப் பிடித்து இறங்கினால் சேர்விஸ் நேரம் தாண்டிவிட்டது. கீழ் உறையைக் கழற்றி எண்ணெய் மாற்றும் வேலையை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். எங்கள் புழுதியில் அது கூடுதல் இல்லை.

அறிகுறி 2: அடிவரை போய் 'டொக்' என்று இடிக்கிறது

*இறக்கம் 30 சதவீதத்துக்கு மேலா?* காற்றை ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். அதற்கு முன் சுமையை நினைத்துப் பாருங்கள். கரியரில் 10 லீற்றர்த் தண்ணீர்க் கான் என்றால் 10 கிலோ. அந்தக் கணக்குக் கிட்டத்தட்ட முழுக்கப் பின் சொக்கில்தான் ஏறும். கிழமை நாளில் சுமையோடும் ஞாயிறில் வெறுமையாகவும் ஓடுபவர் இரண்டு எண்களையும் பிரேமில் டேப் ஒட்டி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

*இறக்கம் சரி, மதகிலிருந்து குதித்தால் மட்டும் இடிக்கிறதா?* காற்றைக் கூட்டினால் இந்த இடி நிற்கும், ஆனால் மற்ற நேரமெல்லாம் கல்லாகிவிடும். காற்றை முழுக்க விட்டுவிட்டு, காற்றறைக்குள் ஒரு டோக்கன், அதாவது பிளாஸ்டிக் துண்டு, போடுங்கள். கடைசிப் பயணம் மட்டும் இறுகும், தொடக்கம் அப்படியே இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

*ஸ்பிரிங் போர்க்கா?* குமிழைக் கூட்டல் பக்கம் திருகினால் இறக்கம் குறையும், இடி அநேகமாக அப்படியே இருக்கும். தடித்த ஸ்பிரிங் கிடைக்காவிட்டால் மதகில் குதிக்காதீர்கள். வேறு மலிவான வழி எனக்குத் தெரியாது.

*எப்போது கொடுக்க வேண்டும்:* சின்னப் பள்ளத்திலும் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள்.

அறிகுறி 3: தூக்கி எறிகிறது, துள்ளுகிறது

ரிபவுண்ட், அதாவது அழுந்திய சொக் திரும்பி எழும்புவது, வேகமாக இருக்கிறது. அதைச் சரிசெய்வது அநேகமாகச் சிவப்புக் குமிழ்; போர்க்கில் வலது காலின் அடியில், பின் சொக்கில் அதன் உடம்பில். முயல், ஆமைப் படம் போட்டிருப்பார்கள்.

வாசற்படியிலிருந்து சீற்றில் இருந்தபடி மெதுவாக இறங்குங்கள். இறங்கியதும் ஒரு தடவை எழுந்து அமர்ந்தால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஆமைப் பக்கம் ஒரு கிளிக் திருகி மறுபடி இறங்குங்கள். எண்ணும்போது வலஞ்சுழியாக முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தோம் என்று எண்ணுங்கள். அப்போதுதான் நாளைக்கும் அதே இடத்துக்கு வரமுடியும்.

குமிழ் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திரும்பியும் வித்தியாசமே தெரியவில்லையா? உள்ளே இருந்து இந்த வேகத்தை அடக்கும் டாம்பர் போய்விட்டது. அதைத் திறப்பது மரத்தடி வேலை இல்லை.

அறிகுறி 4: கிறவல் ரோட்டில் போகப் போக இறுகுகிறது

வன்னியில் என்னிடம் அதிகம் வருவது இதுதான், ஆட்கள் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்வதும் இதைத்தான். டிப்பர் ஓடி ஓடிக் கூரைத் தகரத்தைப் படுக்கப் போட்டதுபோல் அலை விழுந்த ரோட்டு. முதல் பத்து மீற்றர் நன்றாக இருக்கும். அதன்பின் போர்க் செத்ததுபோல் ஆகிவிடும், ஹாண்டில் கையில் அதிரும், வளைவில் முன் சில்லு வழுக்கும். ஆட்கள் உடனே "இறுக்கம்" என்று காற்றைக் குறைப்பார்கள். இன்னும் மோசமாகும்.

காரணம் ரிபவுண்ட் மெதுவாக இருப்பது. ஒரு அலையில் இறங்கியது எழும்பி வருவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். இப்படிப் படிப்படியாக இறங்கி அடியில் போய் நின்றுவிடும். அடியில் நிற்கும் சொக் இறுக்கமாகத்தானே இருக்கும்.

இந்தப் பிழை வருவது பெரும்பாலும் முற்றத்தில் வைத்துக் கையால் அழுத்திப் பார்ப்பதால்தான். ரிபவுண்டை மூடினால் கைக்கு வெண்ணெய்போல் இருக்கும், "நல்ல சொக்" என்று தோன்றும். எடையும் இதில் சேர்ந்துகொள்கிறது: பாரமான மாமாவுக்கு அதிகக் காற்று, அதை அடக்க மூடிய ரிபவுண்ட். தம்பிக்குக் காற்றைக் குறைத்த நாம் ரிபவுண்டை அப்படியே விட்டுவிடுகிறோம். காற்றை 10 பி.எஸ்.ஐ. குறைத்தால் ரிபவுண்டை ஒன்றிரண்டு கிளிக் திறந்து பார்க்க வேண்டும். முல்லைத்தீவுத் தம்பியின் போர்க்கில் 50 குறைத்திருந்தோம். ரிபவுண்ட் குமிழைத் தொட மறந்தது நான். அடுத்த கிழமையே வந்து நின்றார்.

சோதனை ஓட்டத்துக்கு ஒரே ரோட்டில் ஒரே 300 மீற்றரை எடுங்கள். நான் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். ஒரே வேகத்தில் ஓடி, முயல் பக்கம் இரண்டு கிளிக் திறந்து மறுபடி ஓடுங்கள். கை அதிர்வு குறையும்வரை இப்படியே. ஓரிடத்தில் சில்லு துள்ளத் தொடங்கும்; அங்கிருந்து ஒரு கிளிக் மூடினால் உங்கள் இடம் வந்துவிட்டது. வேறு எதையும் அந்த நேரம் தொடாதீர்கள். ஒரே ஓட்டத்தில் காற்றையும் ரிபவுண்டையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று ஒருநாளும் தெரியாது. சோதனைக்கு ஆட்கள் தினமும் போய்வரும் ரோட்டை மட்டும் எடுங்கள்; கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காட்டுப் பக்கம் குறுக்குவழி வேண்டாம்.

ஓடும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. இரணைமடுக் குளக்கட்டில் வேகமாக நீண்ட தூரம் மிதிப்பவருக்கு 15 முதல் 20 சதவீத இறக்கமும் சற்றுத் திறந்த ரிபவுண்டும் பிடிக்கும். மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த குளப்படுக்கையிலும் வேர் ஓடிய காட்டுப் பாதையிலும் மெதுவாகப் போகிறவருக்கு 25 சதவீதம் வசதி. நான் இரண்டாவது வகை. குளக்கட்டில் என்னை எல்லாரும் முந்துவார்கள்.

ரிபவுண்ட் முழுக்கத் திறந்தும் எழும்புவது மெதுவாகவே இருந்தால் டாம்பர் சேர்விசுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி 5: பிறேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, மிதித்தால் பின்பக்கம் ஆடுகிறது

இறக்கத்தைப் பாருங்கள். அது சரியென்றால் கம்ப்ரெஷன் குமிழை ஒன்றிரண்டு கிளிக் மூடுங்கள். தாரோட்டில் நீளமாக மிதிக்கும்போது பின் சொக்கின் லீவரைப் பூட்டலாம், கிறவலில் திரும்பும்போது திறக்க மறக்காதீர்கள். எழுந்து நின்று மிதித்தால் எந்தச் சொக்கும் கொஞ்சம் ஆடும். அது பழுது இல்லை.

அறிகுறி 6: காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் இறுகிவிட்டது

பழுதே இல்லை, வெயில். 25 பாகையில் 80 பி.எஸ்.ஐ. அடித்த போர்க் 45 பாகைக்குச் சூடேறினால் ஏறத்தாழ 86 காட்டும். முற்றத்து வெயிலில் நின்ற சைக்கிளுக்கு அது பெரிய சூடு இல்லை. நிழலில், நீங்கள் வழக்கமாக ஓடும் நேரத்தில் வைத்து அளவுங்கள்.

அறிகுறி 7: காற்று நிற்கவில்லை

முதலில், உண்மையில் இறங்குகிறதா? பம்பைப் பூட்டியதும் குழாய் கொஞ்சக் காற்றை எடுத்துக்கொள்ளும், அதனால் மீற்றர் குறைத்துத்தான் காட்டும். பின் சொக்கில் காற்றறை சின்னது, வித்தியாசம் இன்னும் பெரிது. கழற்றும்போது 'உஸ்' என்று போவது குழாயில் நின்ற காற்று. இதைப் பார்த்துப் பயந்து ஒவ்வொரு நாளும் பம்ப் பூட்டுகிறவர்களே பாதிப்பேர். பம்பைப் பூட்டாமல் அடுத்த நாள் இறக்கத்தை அளவுங்கள். அதே அளவென்றால் காற்று அங்கேதான் இருக்கிறது.

உண்மையிலேயே இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரை வால்வில் விடுங்கள். குமிழி வந்தால் காற்றை விட்டு, வால்வு ஊசியைச் சிறு கருவியால் மெல்ல இறுக்குங்கள். நிற்காவிட்டால் ஊசியை மாற்றுங்கள், சில்லறைக் காசுதான். வால்வில் குமிழி இல்லையென்றால் உள் சீல். மாதம் ஒருமுறை ஐந்து பி.எஸ்.ஐ. போட்டால் போதுமென்றால் அப்படியே ஓடலாம். ஒரே இரவில் படுத்துவிட்டால் சேர்விஸ்.

காற்று அடித்த பிறகும் போர்க்கோ சொக்கோ முழு உயரத்துக்கு வராமல் உள்ளே இழுத்தபடி நின்றால் கவனம். காற்று பிழையான அறைக்குள் போய் அடைபட்டிருக்கலாம். தட்டவோ, இழுக்கவோ, கழற்றவோ வேண்டாம். இந்த நிலையில் பின் சொக்கைத் திறந்தால் துண்டுகள் பறக்கும். தெரிந்தவரிடமே கொடுங்கள்.

அறிகுறி 8: 'டக் டக்' சத்தம்

முன் பிறேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரலை ஹாண்டில் கழுத்தில், பிரேமும் போர்க்கும் சேரும் இடைவெளியில் வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கழுத்து பேரிங் தளர்வு: பக்கத்து போல்ட்கள் இரண்டையும் தளர்த்தி, மேல் போல்ட்டை மெல்ல இறுக்கி, ஹாண்டிலை நேராக்கி, பக்கத்துப் போல்ட்களை மறுபடி இறுக்குங்கள். அலன் கீ ஒன்று போதும். விரலைச் சீலுக்கு மாற்றி வையுங்கள். மேல் குழாய் கீழ் உறைக்குள் ஆடினால் உள்ளே புஷ் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற அந்த அளவுக்கே உரிய கருவி வேண்டும். பழைய போர்க்கில் செலவு போர்க்கின் விலையைத் தொடும். கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எழுந்து நின்று மிதிக்கும்போது போர்க்கின் தோள்பகுதியிலிருந்து 'கிரீச்' என்று வந்தால், கழுத்தை இறுக்கியும் நிற்காவிட்டால், குழாய் அழுத்திப் பூட்டிய இடம் தளர்ந்திருக்கலாம். அதற்கு மேல்பகுதியையே மாற்ற வேண்டும்.

அறிகுறி 9: எண்ணெய்

மேல் குழாயில் மெல்லிய ஈர வளையம் ஒன்று தெரிவது நல்லது. வழிந்தால் சீல் போய்விட்டது. சீலுக்குக் காசு கொடுக்கும் முன் குழாயை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டும் கீறல் இருந்தால் புதுச் சீலையும் அது வெட்டும்; முதலில் குழாயைப் பற்றித்தான் பேச வேண்டும். அடியில் ரிபவுண்ட் குமிழ் பக்கம் சொட்டினால் சில வேளை அடிப் போல்ட்டின் வாஷர்தான். அந்தப் போல்ட்டை நீங்களே இழுத்து இறுக்காதீர்கள், மெல்லிய திருகு அது. நான் கொழும்புக்கு அனுப்பிய ஒன்று வாஷர் மாற்றியதோடு வந்தது, இன்னொன்றுக்கு டாம்பரே போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது இரண்டும் ஒரே மாதிரித்தான் சொட்டின.